பிறந்த குழந்தைக்கு மடி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்தில் வசிப்பவள். 31 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த ஆண்டு ஆவணியில் என் மகளுக்குத் தஞ்சாவூரில் பெண் குழந்தை பிறந்தது. அறுவைச் சிகிச்சைப் பிரசவம் என்பதால் ஆறாம் நாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த 40 கிலோமீட்டர் பயணத்துக்காகப் பேத்திக்கு முதல் கார் இருக்கை (காரின் இருக்கைமேல் பொருத்தும், குழந்தைக்கான தனி இருக்கை) ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாங்கள் அலைந்ததையும், அந்த அலைச்சலில் அறிந்துகொண்டவற்றையும் தங்கள் நாளிதழ் வழியாகப் பகிர விரும்புகிறேன். இளம் பெற்றோர் எப்படியாவது தேடிப் படித்துக்கொள்வார்கள். என்னைப் போன்ற பாட்டிகள் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஏனென்றால் நம் குடும்பங்களில் பிறந்த குழந்தை யார் மடியில் வீட்டுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நாம்தான்.

வளைகாப்பு முடிந்த வாரத்தில் மகள் கார் சீட் வாங்க வேண்டும் என்று சொன்னபோது, "உன்னையும் உன் அண்ணனையும் என் மடியில்தானே கொண்டுவந்தேன்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன். அவள் மறுத்து வாதாடவில்லை. நான் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நடத்திய இயக்க விதிகளை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கு மட்டும் போடச் சொன்னாள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. எதன்மீதோ மோதி அது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல 14 மடங்கு விசையோடு முன்னே பாயும். மூன்று கிலோ குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகள் அந்தக் கணத்தில் 42 கிலோவைத் தாங்க வேண்டும். அதுவும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல். சிமென்ட் மூட்டை ஒன்றில் பெரும்பங்கு எடை அது. எந்தத் தாயின் கையும், எவ்வளவு பாசம் இருந்தாலும், அதைத் தாங்காது. மடியில் வைத்திருப்பவர் சீட் பெல்ட் போடாமல் இருந்தால் அவர் உடலே குழந்தையை முன் இருக்கையோடு சேர்த்து நசுக்கும். இருவரையும் ஒரே பெல்ட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொள்வதோ அதைவிடக் கொடிது. பெல்ட்டுக்கும் பெரியவரின் எடைக்கும் நடுவில் குழந்தை அகப்பட்டுக்கொள்ளும்.

இந்த மடி நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கார் இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி; அந்தச் சட்டம் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் போராடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். ஆனால் சட்டமன்றத்தில், பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற விலக்கையும் சேர்த்துவிட்டார்கள். குழந்தைகளை நசுக்கும் திருத்தம் என்றே அதை அந்த மருத்துவர் அழைத்தார். அதை நீக்கச் செய்ய அவருக்கு 1981 வரை ஆயிற்று. அதைப் படித்தபோது என் மனம் கனத்தது. சட்டம் எழுதியவர்களுக்கே புரிய மூன்று ஆண்டுகள் பிடித்த ஒன்று எனக்கு ஒரே மாலையில் புரிந்தது என்றால், அது நான் நடத்திய பாடத்தை மகள் எனக்கே திருப்பிச் சொன்னதால்தான்.

அடுத்து வந்தது சகுனத் தடை. குழந்தை பிறக்கும் முன்பு அதற்கென்று எதையும் வாங்கி வீட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் உறுதியாக உள்ள வழக்கம். அதற்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் மாமியார் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ஆனால் தொட்டிலைப் பதினாறாம் நாள் வாங்கலாம். கார் இருக்கையை அப்படித் தள்ளிப்போட முடியாது. குழந்தையின் முதல் பயணமே மருத்துவமனை வாசலில் தொடங்கிவிடுகிறது. எங்களுக்கு வழி காட்டியவர் என் தம்பி மனைவி. தொட்டில் சீர் தாய்மாமன் உரிமை, கார் இருக்கையும் அந்தச் சீரில் சேரட்டும், குழந்தையின் தாய்மாமனான என் மகன் அதை வாங்கித் தன் வீட்டிலேயே வைத்திருக்கட்டும் என்று அவர் சொன்னார். அப்படியே ஒன்பதாம் மாதம் வாங்கினோம். எங்கள் வீட்டு வாசற்படியைக் குழந்தையோடு சேர்ந்துதான் அது தாண்டியது. மாமியாருக்கும் மனக்குறை இல்லை.

வாங்கப் போன முதல் கடையில் எங்களுக்குக் காட்டப்பட்டது பிறப்பு முதல் 12 வயது வரை போதும் என்று அட்டையில் எழுதிய பெரிய இருக்கை. ஒரே செலவில் முடிந்துவிடும் என்று என் கணவருக்கு அது பிடித்தும்விட்டது. மகன் அதில் ஒரு சிறிய பொம்மையை வைத்துப் பார்த்தான். தோள்பட்டை வார்கள் பொம்மையின் காதுக்கு மேலே நின்றன. ஆறு மாதம் ஆனதும் முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுங்கள், குழந்தைக்கு வேடிக்கை பார்க்க வசதியாக இருக்கும் என்று விற்பனையாளர் சொன்னது என்னைத் திடுக்கிட வைத்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பச்சிளம் குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் பாதி குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை மோதலின்போது வார்கள் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் வீசப்படும். காரின் பின்பக்கம் பார்த்துப் பின்னோக்கி அமர்ந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் இருக்கையின் முதுகுப்பலகை ஒன்றாகத் தாங்கி, விசையைப் பரப்பிவிடும். 1960-களில் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், அமெரிக்காவின் ஜெமினி விண்கல வீரர்கள் முதுகில் விசையைத் தாங்கும்படி சாய்ந்து படுத்திருந்ததைக் கவனித்து, அதே முறையில் குழந்தைகளுக்கான பின்னோக்கிய இருக்கையை உருவாக்கினார். அந்த நாட்டில் நான்கு வயது வரைகூடக் குழந்தைகளைப் பின்னோக்கியே உட்கார வைக்கிறார்கள். குழந்தை இருக்கைகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதிப்படி 15 மாதம் தாண்டும் முன்பு முன்னோக்கித் திருப்பவே கூடாது. கால் மடங்கிக்கொள்கிறதே, வேடிக்கை பார்க்க முடியவில்லையே என்ற இரக்கத்தால் யாரும் முன்கூட்டித் திருப்பிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் கடையில் யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் போகப் போவது யாருடைய கார்? எங்களிடம் சொந்தக் கார் கிடையாது. மருத்துவமனைக்கு வாடகைக் கார். பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு மைத்துனர் கார். கோயம்புத்தூருக்கு மருமகன் கார். இரும்புக் கொக்கிகளில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் இருக்கைகள் தவறில்லாமல் பொருத்த எளிதானவை என்பது உண்மை. ஆனால் பழைய வாடகைக் கார்கள் பலவற்றில் அந்தக் கொக்கிகளே இல்லை. அதனால் காரின் சீட் பெல்ட்டாலும் கட்டக்கூடிய, கைப்பிடி உள்ள, 13 கிலோ வரைக்குமான கூடை வடிவ இருக்கையைத் தேர்ந்தெடுத்தோம். ஓராண்டுக்குச் சற்று மேல்தான் உழைக்கும். அதன் பிறகு பெரியது வாங்க வேண்டியிருக்கும். இருந்தாலும் பல கார்களில் ஏறி இறங்கும் நம் குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. வாங்கும் முன் காரின் பெல்ட் அந்தக் கூடையைச் சுற்றி வரும் அளவுக்கு நீளமாக உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும். வாடகைக் காரை அமர்த்தும்போதே, பின் இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும் பெல்ட்டை வெளியே எடுத்து வைக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும்.

இருக்கையில் தர முத்திரை இருப்பது அவசியம். இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. ஐரோப்பியத் தரமானால் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த ஒட்டுவில்லையில் ஆர்44 அல்லது ஆர்129 என்று இருக்கும். மெத்தைத் துணியில் நாடாக்களைத் தைத்து, உறுதியான வெளி ஓடு எதுவுமே இல்லாமல் மலிவாக விற்கப்படுபவற்றைத் தொடவே வேண்டாம். உறவினர் ஒருவர் தம் பேரன் பயன்படுத்திய இருக்கையை அன்போடு தந்தார். பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி போடுவது நம் வழக்கம்தான். ஆனால் விபத்தில் அடிபட்ட இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், ஞெகிழியும் ஆண்டுகள் போகப் போக வலுவிழக்கும். அதன் அடியில் பொறித்திருந்த காலாவதி ஆண்டு கடந்துவிட்டிருந்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

பொருத்தும் இடம் எப்போதும் பின் இருக்கைதான். முன் இருக்கையில் ஏர்பேக் இருக்கும் காரில் அங்கே பின்னோக்கிய இருக்கையை வைத்தால், விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள பலகையையே அறைந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். பின் இருக்கையில் இடப்பக்கம் எங்களுக்கு வசதியாக இருந்தது. சாலையோரமாக இறக்கலாம், தாய் அருகில் அமரலாம். கட்டி முடித்த பிறகு பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பிரசவத்துக்கு முன்பே என் மகன் பத்து முறையாவது கட்டிக் கட்டி அவிழ்த்துப் பழகினான். மருத்துவமனை வாசலில் வெயிலில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அல்ல அது.

குழந்தையை உட்கார வைப்பதில்தான் பாட்டிமார் கவனம் மிகவும் தேவை. துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்தால் கால்களுக்கு நடுவில் வரும் வாரை மாட்ட முடியாது. மெல்லிய உடையோடு உட்காரவைத்து, தோள் வார்கள் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வரும்படி மாட்டி, விரல்களால் வாரைக் கிள்ளினால் மடிப்பு அகப்படாத அளவுக்கு இறுக்கி, அதன் பிறகே மேலே துணி போர்த்த வேண்டும். அரைஞாண் பூட்டுக்கு அடியில் அழுந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். தலையணை, கூடுதல் மெத்தை எதையும் நாமாகச் சேர்க்கக் கூடாது. இருக்கை ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் குழந்தையின் முகவாய் மார்பில் படிந்து மூச்சுக் குழல் மடங்கிவிடும். இதே காரணத்தால், முதல் வாரங்களில் ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டனில் பெற்றோருக்கு அறிவுறுத்துகிறார்கள். நாங்கள் அய்யம்பேட்டையிலும் பாபநாசத்திலும் நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்து மகள் பால் கொடுத்த பிறகே புறப்பட்டோம். ஓடும் காரில் பாலூட்டுவதற்காக வாரை அவிழ்ப்பது மடியில் வைப்பதற்குச் சமம். வீட்டுக்கு வந்ததும், தூங்குகிறதே என்று அதிலேயே விட்டுவிடவும் கூடாது. குறைப்பிரசவக் குழந்தையாகவோ எடை மிகக் குறைந்ததாகவோ இருந்தால், இருக்கையின் குறைந்தபட்ச எடையைப் பார்ப்பதோடு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனையையும் ஒவ்வொரு குடும்பமும் தானாகத் தேடித்தான் அறிய வேண்டுமா? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபர் முதல் கார்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புக்கெனத் தனியே மதிப்பெண் தருகிறது. குழந்தை இருக்கைகள் உயிரிழப்பைப் பெருமளவு குறைக்கும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. சட்டமும் உண்டு, சான்றும் உண்டு. ஆனால் என் மகள் ஒன்பது மாதமும் தவறாமல் பரிசோதனைக்குப் போனபோது ஒரு முறைகூட யாரும் அவளிடம், குழந்தையை எதில் வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேட்கவில்லை.

தாய் சேய் நல அட்டையில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். பிரசவித்த தாய்மாரை அரசு மருத்துவமனைகளிலிருந்து கட்டணமின்றி வீட்டில் கொண்டுவிடும் ஊர்திகள் ஒவ்வொன்றிலும் ஒரு கூடை இருக்கையாவது நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். கார் வாங்கும் வசதி இல்லாத வீட்டுக் குழந்தையின் கழுத்தும் அதே குருத்தெலும்புதான். தனியார் மருத்துவமனைகளும், ஊருக்கு ஊர் இயங்கும் ரோட்டரி, அரிமா சங்கங்களும் முறையான பதிவேடு வைத்து இவற்றை மாதக் கணக்கில் இரவல் தரலாம். ஓராண்டே தேவைப்படும் பொருளுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிட எல்லோராலும் இயலாது. தங்கள் நாளிதழும் இருக்கையைப் பொருத்தும் முறையைப் படங்களோடு ஒரு முழுப் பக்கம் வெளியிட வேண்டும் என்று வேண்டுகிறேன்.

தை பிறந்ததும் ஐந்தாம் மாதத்தில் பேத்தியைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப இருக்கிறோம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நேற்று உட்காரவைத்துப் பார்த்தபோது தோள் வார்கள் அவள் தோளுக்கு வெகுவாகக் கீழிறங்கிவிட்டிருந்தன. புறப்படும் முன் அவற்றை ஒரு துளை மேலே ஏற்றி மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.