விஜிக்கு, கான்கிரீட் போடுவதற்கு முன்

மேடவாக்கம், சென்னை

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அவருக்கு வழக்கம்போல முதுகுவலி. சுதா பாட்டியாகிவிட்டாள், உனக்கும் சொல்லியிருப்பாள். மீதிக் கதையெல்லாம் நேரில். இந்த வாரம் உன் வீட்டு மேல்தளத்துக்குக் கான்கிரீட் என்றாயே, அதனால்தான் அதற்குள் புதையப்போகும் வயர் பைப்பைப் பற்றி அவசரமாக எழுதுகிறேன்.

பெரம்பூர் வீட்டில் அம்மா அறைக்குப் போன கோடையில் ஏசி போட்டோம். சுவரை உடைக்க வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் பழைய 20 எம்எம் பைப்பிலேயே ஏசி லைனையும் இழுத்துவிட்டுப் போனார். மழை ஆரம்பித்ததும், மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆனது. போன வாரம் வயரை உருவச் சொல்லிப் பார்த்தால், பைப் வளையும் பெண்ட் இருந்த இடத்தில் சிவப்பு வயரின் தோல் விரற்கடை நீளத்துக்குச் சீவியெடுத்தது போல உரிந்து, செம்பு வெளியே தெரிகிறது. ஒட்டினாற்போல் எர்த் வயர், அதிலும் கீறல். அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மா கட்டில் போட்டுத் தூங்குகிறாள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கேட்டால் "உள்ள போச்சே மேடம், இடம் இருந்ததாலதானே போச்சு" என்கிறார். வயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டு, சோப்பைத் தடவி, இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தால் எதுவும்தான் போகும். போகிறதா என்பதா கேள்வி? தோல் உரியாமல் போகிறதா, நாளைக்கு ஒரு வயரை மட்டும் உருவி மாற்ற முடியுமா, சூடு வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

கணக்கு என்றதும் பெஞ்சு ஓரத்துக்கு நகர்கிறவளே, இது சுலபம். வயரின் வெளி விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அள. பெட்டியில் போட்டிருக்கும் 2.5 சதுர எம்எம் என்பது செம்பின் பரப்பு மட்டும். தோலோடு சேர்த்தால் விட்டம் 3.6 எம்எம் வருகிறது, பரப்பு பத்துக்கு மேல் போய்விடும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பைப்பிலும் அப்படித்தான்: 20 என்பது வெளி அளவு, எங்கள் பைப்பின் உள்விட்டம் 17 எம்எம்தான். வட்டப் பரப்புக்கு வரும் π எல்லாம் வேண்டாம், இரண்டு பக்கமும் அடிபட்டுவிடும். ஒவ்வொரு வயரின் விட்டத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகை, பைப் உள்விட்டத்தின் வர்க்கத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

எங்கள் பைப்பில் 17-இன் வர்க்கம் 289, அதில் 40 சதவீதம் 115. லைட், ஃபேனுக்கு 1.5 வயர் ஆறு, விட்டம் தலா 3 எம்எம்: 54. பிளக்குக்கு 2.5 வயர் மூன்று: 39. அதுவரை 93, தாராளம். ஏசிக்கு 4 சதுர எம்எம் இரண்டும் ஒரு எர்த்தும், விட்டம் தலா 4 எம்எம், சேர்ந்ததும் 141! பைப்பில் பாதி அடைத்துவிட்டது. இதே கூட்டம் 21 எம்எம் உள்விட்டமுள்ள 25 பைப்பில் போயிருந்தால் 176 வரை இடம் இருந்திருக்கும்.

அந்த 40 அமெரிக்க விதியில் உள்ளது. மூன்றும் அதற்கு மேலும் வயர் இருந்தால் 40, ஒரே வயர் என்றால் 53, இரண்டு என்றால் 31. இரண்டுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. பைப்பின் பாதி அகலமுள்ள இரண்டு வயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார். பரப்பில் பாதிதான் நிரம்பியிருக்கும், ஆனால் நெருக்கி உட்கார்ந்துவிடும், அசையாது. வரைந்து பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், சமையலை அப்படியே விட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சூட்டுக்குத் தனிக் கணக்கு. கரண்ட் ஓடும் வயர் ஒரே பைப்பில் 4 முதல் 6 என்றால் வயரின் தாங்கும் திறனை 80 சதவீதமாகவும், 7 முதல் 9 என்றால் 70 சதவீதமாகவும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது அதே விதி. எர்த்தை இதில் எண்ண வேண்டாம், இடக்கணக்கில் மட்டும் விட்டுவிடாதே.

அப்புறம், உன் எலக்ட்ரீஷியன் எல்லாவற்றுக்கும் 20 போதும் என்கிறாராமே. விடாதே. வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டியான டிபியிலிருந்து கிளம்பும் பைப்புகளுக்கு 25 கேள், ஏசிக்குத் தனிப் பைப் விடச் சொல். இரண்டு பாக்ஸுக்கு நடுவே நாலு பெண்டுக்கு மேல் வேண்டாம். கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் கொட்டிவிட்டால் நீயும் நானும் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

பைப் ஓடும் டிராயிங்கில் எந்தப் பைப்பில் எத்தனை வயர், என்ன சைஸ் என்று பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எத்தனை மணியானாலும் அன்று இரவே போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். மேஸ்திரி அவசரப்படுத்தினால் போனை அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கீதா