டிக்கெட்டை நாலு நாள் தள்ளிப் போடு

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே ‘மீட்டிங் இருக்கும்மா’ என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். பாப்பா ரொம்பவே நலம். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

லீவுக்குக் கொண்டுவந்து விட்டபோது என்ன சொன்னாய்? “யாரோடயும் பேச மாட்டேங்கறா, ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸுல கூட ஓரமா மரமா நிறுத்திட்டாங்கம்மா.” இங்கேயும் முதல் வாரம் அப்படித்தான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் காதில்தான் வந்து சொல்வாள்.

மாரியம்மன் கோயில் திடலில் வள்ளி கும்மி பழக்குகிறார்கள். வள்ளி முருகன் கதைப் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து அடி போட்டு ஆடுவார்களே, அதுதான். ராத்திரி 7 மணிக்கு மேல், காசு கிடையாது. நானும் போகிறேன். சிரிக்காதே. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இது ஆம்பிளைகள் ஆட்டம், நாங்கள் திண்ணையிலிருந்து பார்த்ததோடு சரி. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பன் அய்யா மாதிரி கும்மி வாத்தியார்கள் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்ததால்தான் என் காலுக்கு இந்த வயதில் வேலை வந்தது. அவருக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87.

வீட்டில் தனியாக விட முடியாமல்தான் பாப்பாவைக் கூட்டிப் போனேன். மூன்று நாள் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் பார்த்தால், அங்கேயே நின்று தானாக அடி போட்டுக்கொண்டிருக்கிறாள்! பால்காரக்கா பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் விட்டது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அக்கா இடுப்பிலேயே போய் முட்டினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். “நானும் பத்து நாளா இந்த எடத்துலதான் முட்டிக்கறேன் சாமி” என்றது அக்கா. இவள் சிரித்துவிட்டாள்.

கும்மியில் யாரையும் தனியாக முன்னால் நிறுத்துவதில்லை. வாத்தியார் பாட்டை மாற்றியதும் அத்தனை காலும் சேர்ந்து மாற வேண்டும். தப்பினால், பக்கத்துக் காலைப் பார்த்து அடுத்த அடியிலேயே பிடித்துக்கொள்ளலாம். அது அவளுக்கு ஒத்துப்போய்விட்டது போல.

அப்புறம் ரெண்டு நாள் காய்ச்சல். (மாத்திரை கொடுத்தாயிற்று, பதறாதே.) நான் மட்டும் போனேன். அவள் நிற்கும் இடத்தில் யாரும் நிற்கவில்லை. அந்த இடைவெளியை விட்டுத்தான் ஆடினார்கள். மறுநாள் மளிகைக் கடைக்காரர், எதிர்த்த வீட்டுப் பெரியம்மா, ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன், எல்லோரும் “பாப்பா ஏன் வர்ல?” என்று கேட்டார்கள். அதை அவளிடம் சொன்னேன். “என்னையா கேட்டாங்க?” என்றாள். திரும்பத் திரும்ப, யார் யார் கேட்டார்கள் என்று பேர் பேராகச் சொல்ல வைத்தாள். இப்போது தனியாகப் போய்த் தேங்காய் வாங்கி வருகிறாள், மீதிச் சில்லறையையும் கேட்டு வாங்குகிறாள்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றும் உண்டு. சில ஊர்களில் கும்மி மேடையிலேயே சாதிப் பெருமை பேசுகிறார்களாம். பாடுவதோ முருகன் வேடர் வீட்டுப் பெண்ணைத் தேடிப் போய்க் கட்டிய கதை! நம் வாத்தியார் எல்லாத் தெருவுக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தெற்குத் தெருப் பிள்ளைகள் முதல் ரெண்டு நாள் தள்ளியே நின்றார்கள். அந்த நிற்பைப் பார்த்ததும் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாப்பா ஞாபகம்தான் வந்தது. ஆனால் இவளுக்கு மூன்று நாள் கூச்சம், அவர்களுக்கு எத்தனை தலைமுறையோ. இப்போது அதில் ஒரு பெண்தான் பாப்பாவுக்கு அடவு சொல்லித் தருகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரங்கேற்றம் வைகாசி விசாகத்தன்று. நீ போட்டிருக்கும் டிக்கெட் அதற்கு மூன்று நாள் முன்னால். எல்லோருக்கும் மஞ்சள் சேலை. அவளுக்கு உன் பழைய மஞ்சள் பட்டை வெட்டிப் பாவாடை தைக்கக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ரெண்டரை மணி நேரம் நிற்காமல் ஆட வேண்டும். நான் ஓரமாக உட்கார்ந்தாலும் உட்காருவேன், அவள் உட்கார மாட்டாள்.

டிக்கெட்டை மாற்றினால் பணம் பிடிப்பார்களாமே? எவ்வளவு என்று சொல்லு, பால் பணத்தில் அனுப்புகிறேன்.

உன் அம்மா