செயலாளர் அறிக்கை: லோப்கோவிட்ஸ் மாளிகை நடையும் நிலுவைச் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வழக்கம்போல் இந்த அறிக்கையின் நகல் தபாலில் போகும். அந்தத் தபால் செலவும் வந்தவர்கள் கட்டிய சந்தாவிலிருந்துதான்.

ஆண்டுத் தொடக்கக் கூட்டம், கோடைச் சிற்றுலா, செயற்குழுக் கூட்டங்கள் ஆகியவை இனிதே நடந்தேறின.

இவ்வாண்டு அடியேன் பொறுப்பேற்று நடத்தியது வியன்னா லோப்கோவிட்ஸ் மாளிகை நடை. “ஒரு பழைய வீட்டைப் பார்க்க இத்தனை ஏற்பாடா?” என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்ததால் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். 1683 துருக்கியர் முற்றுகை விலகிய சூட்டோடு, 1685இல் டீட்ரிக்‌ஷ்டைன் பிரபு கட்டத் தொடங்கிய வீடு இது. வரைபடம் வரைந்த கட்டடக் கலைஞர் தென்காலா. எதிரே இருந்தது பன்றிச் சந்தை! தென்காலாவின் முகப்பு கறாரானது; பின்னாளில் பிஷர் ஃபான் எர்லாக் அமைத்த வாசல்தான் அதற்கு மிடுக்குத் தருகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வீடு லோப்கோவிட்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது. பிறகு பிரெஞ்சுத் தூதரகம், செக்கோஸ்லோவாக்கியத் தூதரகம், பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையம் எனக் குடிவந்தவர்கள் பலர். 1980இல் ஆஸ்திரிய அரசு வாங்கியது. 1991 முதல் நாடக அருங்காட்சியகம்.

மாடியில் உள்ள எரோய்கா மண்டபத்தில் நுழைந்ததும் “இவ்வளவுதானா?” என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. 1804இல் ‘எரோய்கா’ எனப்படும் பீத்தோவனின் மூன்றாம் சிம்பனியை லோப்கோவிட்ஸ் இளவரசரின் வாத்தியக்குழு முதன்முதலில் வாசித்துப் பார்த்தது இங்கேதான். இந்த நான்கு சுவருக்குள் கொம்பு வாத்தியங்கள் முழங்கியபோது முன்வரிசையில் இருந்தவர்களின் காது என்ன பாடுபட்டிருக்கும் என்று நின்று யோசித்தோம்.

அதே இளவரசர், 1809இல் வேறு இரு பிரபுக்களோடு சேர்ந்து, பீத்தோவன் வியன்னாவை விட்டுப் போகாதிருக்க ஆண்டுக்கு 4,000 ஃபுளோரின் (அக்கால ஆஸ்திரிய நாணயம்) தருவதாக எழுதிக் கொடுத்தார். அவர் பங்கு 700. இசைக்கும் நாடகத்துக்கும் வாரி இறைத்ததில் கடன் கழுத்தை நெரிக்க, 1811இல் தவணை நின்றது. வழக்கு, இழுபறி எல்லாம் முடிந்து 1815இல் பாக்கியும் சேர்த்துத் தீர்வானது. சொத்து முழுவதும் பிறர் நிர்வாகத்துக்குப் போன மனிதர் நிலுவையைத் தீர்த்தார் என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

நடைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. மழை என்றார்கள். மழை எனக்கும்தான் பெய்தது. வராதவர்களுக்கும் சேர்த்தே நுழைவுச்சீட்டு வாங்கப்பட்டிருந்தது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாக உள்ளன. கையிருப்பு திருப்திகரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் கவலைக்கிடமில்லை. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அவரிடமே உள்ளது; நாகரிகம் கருதி இங்கே வாசிக்கவில்லை.

தலைவர், துணைத்தலைவர், தணிக்கையாளர், தேநீர் ஏற்பாடு செய்த குடும்பத்தினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, ஆஸ்திரியப் படைத்தளபதியாக இருந்த இளவரசர் யூஜீனின் குளிர்கால மாளிகையை எடுத்துக்கொள்ளலாம். 1736இல் அவர் அங்கேயே இறந்தார். உயில் இல்லாததால் சொத்து அண்ணன் மகளுக்குப் போயிற்று. 1752இல் பேரரசி மரியா தெரேசா வாங்கிய அந்த வீட்டில் இன்று நிதி அமைச்சகம் இருக்கிறது. விஷயம் ஏராளம். ஆனால் ஒருவரே கடிதம் எழுதி, தொலைபேசியில் அழைத்து, வாசலில் நின்று பெயர் எழுதும் ஏற்பாடு இனி தொடராது. இருவர் முன்வந்தால் நடை உண்டு. இல்லாவிட்டால் இந்தப் பொறுப்பையே வேறொருவர் ஏற்பது நல்லது. பெயர் தருபவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரின் மேசைக்கு வரவும். ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.