பார்வதிக்கு, அந்த டப்பாவைப் பற்றி

யாங்கூன்
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பார்வதி,

இங்கே எல்லாரும் சுகம். உன் மாமியாரின் முட்டிவலி, தம்பியின் விசா, மோல்மீன் மழை எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன். வைபரில் நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உன் மகள் தேவியின் கன்னத்தில் பரு விட்டுப்போன கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. அதற்கு அடுத்த படத்தில் இருந்த, அவள் பூசுகிற பேரில்லாத வெளுப்புக் கிரீம் டப்பாவைப் பார்த்துத்தான் வந்தது. போனில் சொன்னால் பாதியில் குழம்பு தாளிக்கப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தக் கிரீமை நிறுத்தச் சொல். ஏழே நாளில் முகம் வெளுக்கிறதென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: வீரியமான ஸ்டீராய்டு, பாதரசம், அல்லது அளவு தெரியாத ஹைட்ரோகுவினோன் என்ற நிறம் வெளுக்கும் மருந்து. சில டப்பாக்களில் ஒன்றுக்கு மேலேயே சேர்ந்திருக்கும். அழகுக் கிரீமில் ஹைட்ரோகுவினோன் போடக்கூடாது என்பதும், பாதரசம் கூடாது என்பதும் நம் ஆசியான் நாடுகளின் பொது விதி. பேரே இல்லாத டப்பாவுக்கு எந்த விதி?

ஸ்டீராய்டு என்றால் முதல் மாதம் தேவி பளிச்சென்றுதான் இருப்பாள். சிவப்பு அடங்கும், பரு அமுங்கும், பக்கத்து வீட்டுக்காரி "என்ன போடுகிறாய்?" என்று கேட்பாள். பிறகு தோல் மெலிந்து நரம்பு நரம்பாகச் சிவப்புக்கோடு தெரியும். கிரீமை விட்டால் எரிச்சலோடு பரு கொத்துக் கொத்தாக வரும், அந்தப் பருக்கள் போகும்போது இன்னும் கறுப்புத் தழும்பு வைத்துவிட்டுப் போகும். ரெண்டு மூணு வாரம்தான் போட்டிருக்கிறாள் என்றால் நிறுத்திவிடலாம், கொஞ்ச நாள் முகம் சிவந்து கிடக்கும், பொறுத்துக்கொள்ளட்டும். மாதக்கணக்கில் என்றால் தோல் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு நாள் என்பதை அவளிடம் நீ தனியாகக் கேள். உன் மாமியார் முன்னால் கேட்டால் "நேற்றுதான் வாங்கினேன்" என்பாள்.

பாதரசம் அதைவிட மோசம். டப்பாவில் ஏதாவது எழுதியிருந்தால் கலோமெல், மெர்க்யூரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்க்குரி, மெர்க்யூரிக் அயோடைடு என்ற பேர்களைத் தேடு. "தங்கம், வெள்ளி, அலுமினிய நகையில் படாமல் பூசவும்" என்று போட்டிருந்தால் அது பாதரசத்தின் அடையாளம். அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தூக்கமின்மை, கை நடுக்கம், காரணமில்லாத எரிந்துவிழல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கிரீமின் கதையைச் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை கேட்க வேண்டும். பூசியவளோடு போகிற விஷயமும் இல்லை பார்வதி. துண்டு, தலையணை உறை வழியாக அடுத்தவருக்கும் ஒட்டும், ஆவியாகவும் கிளம்பும். உன் பேரன் சித்தி கன்னத்தில் கன்னம் வைத்துத்தானே தூங்குகிறான்? உறைகளையும் துண்டுகளையும் மாற்றிவிடு. டப்பாவை மூடி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பிள்ளை கைக்கு எட்டாமல் வை. சாக்கடையில் கொட்டாதே. டாக்டரிடம் போகும்போது அதையே எடுத்துப் போ.

ஹைட்ரோகுவினோனை நான் அடியோடு பழிக்க மாட்டேன். டாக்டர் கையில் அது நல்ல மருந்து: 2 முதல் 4 சதவீதம், இரவில் மட்டும், மூன்று நாலு மாதம், அதோடு நிறுத்தம். வருஷக்கணக்கில் பூசினால் வெளுக்க வேண்டிய இடம் நீலக்கறுப்பாகிவிடும், அதைத் திருப்புவது மகாகஷ்டம். தென்னாப்பிரிக்காவில் 1975இலேயே டாக்டர்கள் இதை எழுதிவைத்தார்கள். 1990இல் அந்த அரசாங்கம் இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம்களையே தடை செய்தது.

சரி, திட்டு முடிந்தது. இனி கன்னம்.

பருவோ, கொசுக்கடியோ, சூடுபட்டதோ, தோல் ஒரு இடத்தில் வெந்து சிவந்தால் அங்குள்ள நிறச்செல்கள் உசுப்பேறி மெலனின் என்ற நிறப்பொருளைக் கொட்டுகின்றன. நம் மாதிரி மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது கூடுதல். மெலனின் மேல்தோலில் நின்றால் பழுப்பு நிறம், மாதக்கணக்கில் தானே கரையும். வீக்கம் கடுமையாகி அது அடித்தோலுக்கு இறங்கினால் சாம்பல் நீலம், வருஷங்கள் பிடிக்கும், கிரீமுக்கு அவ்வளவாக அசையாது. படத்தில் தேவிக்குத் தெரிவது பழுப்பு. தாடையருகே ரெண்டு சிவப்புப் புள்ளி இருக்கிறதே, கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பார். சிவப்பு மறைந்தால் அது ரத்தக்குழாய்ச் சிவப்பு, நிறமருந்து அதற்கு உதவாது, நாளாக ஆகத் தணியும்.

ஆக, பழைய புள்ளி போய்க்கொண்டுதான் இருக்கும். அதைப் போகவிடாமல் பிடித்து வைப்பவை இரண்டே: புதுப் பருவும் வெயிலும். கிள்ளுகிற விரலையும் முதலாவதோடு சேர்த்துக்கொள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் கை சும்மா இருக்காது, கோமளா டீச்சர் பிரம்பாலும் திருத்த முடியவில்லை.

இரவில் மிருதுவான சோப்பால் முகம் கழுவி, முழுக்கக் காயவிட்டு, அடபலீன் என்ற பரு மருந்தின் 0.1 சதவீத ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். புள்ளிமேல் மட்டும் வைப்பது தப்பு, வரப்போகிற பருவைத் தடுப்பதுதான் அதன் முதல் வேலை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதன்மேல் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். காலையில் அசெலாயிக் அமிலம் 20 சதவீதக் கிரீம். இது பருவுக்கும் கறுப்புக்கும் சேர்த்தே வேலை செய்யும். லேசாகக் குறுகுறுக்கும், அது பரவாயில்லை. எரிந்து தோல் உரிந்தால் இரண்டையும் நாலு நாள் நிறுத்தி, பிறகு மெதுவாகத் தொடங்கட்டும். மருந்தின் எரிச்சலே புதுக் கறுப்பைக் கொண்டுவரும், ஆகவே அவசரப்பட்டு இரட்டைப் பங்கு பூசுகிறவள் பின்னால்தான் போவாள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். அசெலாயிக் முதலில், இரண்டு வாரம் கழித்து அடபலீன்.

வித்தியாசம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். கல்யாணம் தையில்தானே? நேரம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்கு நினைத்தால் அதற்கு முன்பே அடபலீனை விட்டுவிட வேண்டும், அசெலாயிக் தொடரலாம். இதை மறக்காமல் சொல். அழகு நிலையத்தில் கல்யாணப் பேக்கேஜ் என்று தோலை உரிக்கிற பீலிங்கும் லேசரும் செய்ய இழுப்பார்கள். தெரியாத கை நம் நிறத்தோலில் லேசர் வைத்தால் போன கறுப்பு வட்டியோடு திரும்பும். வைட்டமின் சி சீரமும் வேண்டாம், நல்ல பொருள்தான், ஆனால் சூட்டில் பழுத்துக் கெட்டுவிடும், கரண்ட் வருகிற லட்சணத்தில் உன் ஃபிரிட்ஜை நம்பி அதை வாங்குவது தண்டம்.

வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக ஒரு கோடு எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. எல்லாரும் இதில் கால்வாசிதான் பூசிவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். மழை மேகம் என்று விடக்கூடாது. நம் தோலைக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கறுக்கச் செய்யும், வெள்ளைச் சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கிற டின்டட் வகைதான் வேண்டும்.

மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற தனக்காவை விடச் சொன்னால் அவள் என்னோடு பேச மாட்டாள். போடட்டும், குளிர்ச்சி, எண்ணெயை இழுக்கும். ஆனால் வெயிலைத் தடுக்கிற சக்தி அதில் கொஞ்சம்தான், சன்ஸ்கிரீனுக்குப் பதிலாகாது. முதலில் சன்ஸ்கிரீன், கால்மணி நேரம் கழித்துத் தனக்கா, கல்லில் நைசாக அரைத்தது. சாயங்காலம் காய்ந்ததைத் தேய்த்துச் சுரண்டாமல் ஊறவைத்துக் கழுவ வேண்டும். உன் மாமியாரின் எலுமிச்சை வைத்தியம் மட்டும் கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளித்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். சாறு பிழிந்த கையோடு வாசலில் நின்றாலே போதும், விரலிலும் வரும்.

உன் வீட்டுக்காரர் இடுப்பில் வட்டமாக ஒரு கறுப்பு வருகிறது, ஆறுகிறது, அதே இடத்தில் மறுபடி வருகிறது என்று எழுதியிருந்தாயே, அது வேறு சங்கதி. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் என்ன மாத்திரை போட்டார் என்று பார். வலி மாத்திரையோ, கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கோ இருக்கலாம். சில மருந்துகள் எப்போது சாப்பிட்டாலும் அதே இடத்தில்தான் புண்படுத்தும். எந்த மாத்திரை என்று தெரிந்தால் அதை வாழ்நாளுக்கும் ஒதுக்க வேண்டும், டாக்டரிடம் பேரையும் சொல்லி வைக்க வேண்டும்.

அடபலீன், அசெலாயிக் இரண்டும் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் சொல், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிற நம் அந்தோணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். காசு அவரிடம் கொடுக்காதே, வழியிலேயே மொகிங்கா மீன் நூடுல்ஸ் ஆகிவிடும்.

உன்
சகுந்தலா