கிளாஸ் கட் அடிச்ச டக் ஜோன்ஸ் சாருக்கு

வணக்கம் சார்,

உங்களப் பத்தி யாரக் கேட்டாலும் 2017 டிசம்பர் எலெக்‌ஷனத்தான் சொல்றாங்க. ரிபப்ளிகன் கட்சி ராய் மூரை ஏறக்குறைய 22 ஆயிரம் ஓட்டுல தோற்கடிச்சு, அமெரிக்காவோட அலபாமா மாநிலத்துல 25 வருஷத்துக்கப்புறம் ஜெயிச்ச டெமாக்ரட் செனட்டர்னு. பெரிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு உங்க கதை 1977ல ஆரம்பிக்குது.

அப்போ நீங்க லா ஸ்டூடண்ட். கிளாஸ கட் அடிச்சுட்டு பர்மிங்ஹாம் கோர்ட்டுக்குப் போய் உக்காந்து, சர்ச்ல குண்டு வச்ச ராபர்ட் சாம்ப்லிஸ் கேஸ்ல அலபாமா அட்டர்னி ஜெனரல் பில் பாக்ஸ்லி அரசுத் தரப்புல வாதாடுறத பாத்திருக்கீங்க. (நானும் நிறைய கட் அடிச்சவன்தான், எல்லாம் கேன்டீனுக்கு.)

1963 செப்டம்பர் 15, ஞாயித்துக்கிழமை காலைல அதே பர்மிங்ஹாம்ல 16வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்ல அந்த குண்டு வெடிச்சு நாலு கறுப்பினப் பொண்ணுங்க செத்துப்போச்சுங்க, மூணு பேருக்கு 14 வயசு, டெனிஸுக்கு 11தான். டெனிஸ் டிரஸ்ல இடுப்புப் பட்டைய, செத்த நாலு பேர்ல இன்னொருத்தியான அடி மே கட்டிவிட்டுட்டு இருந்தாளாம், அந்த நேரத்துல வெடிச்சிருக்கு. இத சொன்னது ஒரு கண்ணு போயி பொழச்சு வந்த அடி மேயோட தங்கச்சி சாரா. அதப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் மேல படிக்கவே முடியல.

சாம்ப்லிஸ் உள்ள போனான், கூட்டாளிங்க பிளான்டன், செர்ரி, கேஷ் மூணு பேரும் வெளிய சுத்துனாங்க. கிளின்டன் உங்கள அரசு வக்கீலாக்குனப்போ குண்டு வெடிச்சு 34 வருஷம் ஆச்சு, ஃபெடரல் சட்டத்துல கேஸ் போட டைமே தாண்டிப்போச்சு. நீங்க விடல, மாநில கோர்ட்டுக்கே போயி கொலை கேஸ் நடத்துனீங்க. பிளான்டன் வீட்டு கிச்சன்ல எஃப்.பி.ஐ ரகசியமா மைக் வச்சு 1964லயே எடுத்த டேப்பு, குண்டு போட மீட்டிங் போட்டத பொண்டாட்டிகிட்ட அவனே சொல்றது, அத்தன வருஷமும் ஃபைல்லயே தூங்கியிருக்கு, பாக்ஸ்லி கைக்கு அது போகவே இல்ல, அது பின்னாடி தெரிஞ்சு அவர் கோவப்பட்டதுல ஒரு தப்பும் இல்ல. 2001ல பிளான்டன், அடுத்த வருஷம் செர்ரி, ரெண்டு பேருக்கும் ஆயுள். இன்னொருத்தன் கேஷ், கேஸே இல்லாம 1994லயே போய்ச்சேந்துட்டான்.

செனட்ல மூணே வருஷம். அதுலயும் இந்த மாதிரி பழைய இனவெறிக் கொலை ஃபைல்கள வெளிய கொண்டுவர சட்டம் கொண்டுவந்தீங்க பாருங்க, அந்த டேப்பு மனசுலயே இருந்திருக்கும் போல. 2020ல ட்ரம்ப்ப பதவிநீக்க செனட்ல நடந்த விசாரணைல அவர் குற்றவாளின்னு ஓட்டுப் போட்டீங்க, அந்த வருஷமே ஒரு ஃபுட்பால் கோச்சுகிட்ட பெரிய வித்தியாசத்துல தோத்தீங்க. அலபாமால வேற என்ன நடக்கும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு கட் அடிச்சது எந்த சப்ஜெக்ட்? அதுல பாஸா?