உங்கள் நீல விளக்கை அளந்து பாருங்கள்: பல் மருத்துவமனை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஓர் அம்மா கடைவாய்ப் பல்லில் கூச்சம் என்று வந்தார். ஒரு வருடத்துக்கு முன் நான் அடைத்த காம்போசிட்தான், அதாவது பல் நிறப் பிசின் அடைப்பு. மேலே கல் மாதிரி இருந்தது. பிரித்துக்கொண்டே போனால், பெட்டி போல் வெட்டிய பக்கக் குழியின் அடியில் எக்ஸ்ப்ளோரர் என்ற கூர் ஊசிக்கருவியின் முனை குத்தியவுடன் இறங்கியது. ஓரத்தில் மறுபடி சொத்தை. அன்று சாயங்காலம், காம்போசிட்டை இறுக வைக்கும் நீல லைட்டின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். பாதி வட்டத்துக்குப் பழைய காம்போசிட் காய்ந்து ஒட்டியிருந்தது.

அமால்கம் என்ற பழைய வெள்ளி நிற அடைப்பு தானாக இறுகிவிடும். காம்போசிட்டுக்கு வெளிச்சம் வேண்டும். பெரும்பாலானவற்றில் உள்ள, இறுகுவதைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குயினோன் என்ற பொருள், 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை வாங்கித்தான் வேலையைத் தொடங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மில்லிவாட் தரும் விளக்கை 20 நொடி பிடித்தால் அந்தச் சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் ஆற்றல் கிடைக்கும். அதே விளக்கு 500க்கு இறங்கிவிட்டால் 40 நொடி பிடிக்க வேண்டும். ஆனால் இறங்கியது கண்ணுக்குத் தெரியாது, நீலம் அதே நீலமாகத்தான் இருக்கும். மேல்பரப்பும் குறைந்த ஒளியிலேயே இறுகிவிடுவதால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. அடியில் வளையும் வலிமை, பல்லோடு ஒட்டும் பிடிப்பு எல்லாம் குறைந்து, இணையாத மோனோமர் (பிசினின் மூலப்பொருள்) அங்கேயே தங்கிவிடும்.

அப்புறம், தூரம். பல்லின் மேல்மேடு தடுப்பதால் அந்தப் பக்கக் குழியின் அடிக்கும் லைட் முனைக்கும் நடுவே 6, 7 மில்லிமீட்டர் வந்துவிடும். விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் எண் முனையில் அளந்தது, குழியின் அடியில் அளந்ததல்ல. முதல் 2 மில்லிமீட்டர் அடுக்குக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு இல்லை. விளக்கின் ஒளி அளவைக் காட்டும் ஒரு ரேடியோமீட்டர் வாங்கி வையுங்கள். கையடக்க மீட்டர் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, சரி. ஆனால் அதே விளக்கு வாரா வாரம் இறங்குகிறதா என்று அது சொல்லிவிடும். திங்கட்கிழமை காலை முதல் நோயாளிக்கு முன் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். லைட் முனையில் உறை மாட்டிப் பிடிப்பவர்கள் உறையோடும் ஒருமுறை அளக்க வேண்டும்.

லைட் பிடிக்கும் உதவியாளருக்கு ஆரஞ்சுக் கண்ணாடி கொடுங்கள். பல இடங்களில் பார்த்திருக்கிறேன்: கண் கூசி அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கை மெல்ல நகரும், ஒளி பக்கத்துப் பல்லில் விழும். இருபது நொடியில் பத்து நொடி வீண். அவள்மேல் குறை சொல்லி என்ன செய்வது? கண்ணாடி நாம் கொடுத்திருக்க வேண்டும்.

மீட்டர் வரும்வரை இதைச் செய்து பாருங்கள். ஸ்ட்ராவில் 6 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, காம்போசிட் நிரப்பி, ஒரு பக்கம் மட்டும் வழக்கமான நேரம் லைட் அடியுங்கள். வெளியே எடுத்து, அடியில் மெத்தென்று இருப்பதை பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவால் சுரண்டிவிட்டு மீதி நீளத்தை அளங்கள். அதில் பாதிதான் உங்கள் விளக்கை நம்பி வைக்கக்கூடிய அடுக்கு. பாதி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், அந்த விளக்கைச் சரிபார்க்கும்வரை அதை வைத்து அடுத்த பல்லை அடைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு பல் மருத்துவர்