நஷ்டஈடு என்று எழுதிவிட்டாயே!

என் அருமைச் சண்டைக்காரா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் தேவலையா? சின்னவள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள்? அதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுது. உன் ஒப்பந்த மொழிபெயர்ப்பைப் படித்தேன். அதைப் பற்றிச் சொல்லாமல் இன்று தூங்க மாட்டேன்.

ஆங்கில மூலத்தில் ‘ரெஸ்டிட்யூஷன்’, அதாவது பெற்றதைத் திருப்பித் தருவது, வந்த இடமெல்லாம் ‘நஷ்டஈடு’ என்று போட்டிருக்கிறாய். மொத்தம் ஏழு இடம், எண்ணிவிட்டேன். நம் தமிழ் வாத்தியார் பார்த்திருந்தால் மர ஸ்கேலைத் தேடியிருப்பார்.

நஷ்டஈடு என்றதும் நாம் இழந்தவன் முகத்தைப் பார்க்கிறோம். உனக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டு, அதை எதிராளியைக் கட்டச் சொல்கிறோம். ரெஸ்டிட்யூஷன் எதிராளியின் மடியைப் பார்க்கும். உன்னிடம் வந்து சேர்ந்தது எது, அது உன்னிடம் தங்க நியாயம் உண்டா, இல்லையென்றால் வெளியே எடு. இரண்டு கணக்கும் பல சமயம் ஒரே தொகையில் போய் நிற்பதால்தான் உன்னைப் போன்றவர்கள் ஏமாறுகிறார்கள்.

ஒத்துப்போகாத இடத்தைப் பார். ஒருவர் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாற்றிப் போட்டு 50,000 ரூபாயை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பிவிடுகிறார். பணம் உரிய நேரத்தில் உரிய இடத்துக்குப் போகாததால் அனுப்பியவருக்கு வேறொரு பேரம் முறிந்து 8,000 நஷ்டம். பெற்றவரிடம் எவ்வளவு கேட்கலாம்? 50,000 மட்டும். அந்த 8,000-ஐ அவர் தலையில் கட்ட முடியாது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் தப்பு செய்யவில்லை என்பதற்காக 50,000-ஐ வைத்துக்கொள்ளவும் முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான்: தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ கொடுக்கப்பட்டதை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். அந்தப் பிரிவின் உதாரணத்தில், இருவர் சேர்ந்து மூன்றாமவருக்கு 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் முழுவதையும் கட்டிவிடுகிறார்; அது தெரியாமல் மற்றவரும் 100 கட்டுகிறார். வாங்கியவர் இரண்டாவது 100-ஐத் திருப்பித் தந்தாக வேண்டும். அங்கே வாங்கியவரின் எண்ணம் நல்லதா கெட்டதா என்ற விசாரணையே இல்லை.

அடுத்த பிரிவு, 73, ஒப்பந்தத்தை முறித்தால் ஏற்படும் இழப்புக்கு ஈடு. பக்கத்து வீடுதான், ஆனால் நடுவில் சுவர் இருக்கிறது. நீ சுவரை இடித்துவிட்டாய்.

உனக்காக ஒன்று வாதாடுகிறேன், சட்டமே கொஞ்சம் குழப்புகிறது. 65-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும், ‘அல்லது அதற்கு ஈடு தர வேண்டும்’ என்கிறது. அந்த ‘ஈடு’ உன்னைத் தடுக்கிவிட்டிருக்கும். தின்று தீர்ந்த அரிசியை, பாடி முடித்த பாட்டை எப்படித் திருப்பித் தருவது? அதன் மதிப்பைத்தான் தர முடியும். சட்டத்தில் இருக்கும் உதாரணமே ஒரு பாடகர்தான்: இரவுக்கு 100 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு ஐந்து இரவு பாடிவிட்டு, ஆறாவது இரவு வேண்டுமென்றே வராமல் போகிறார். அரங்க மேலாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், ஆனால் அந்த ஐந்து இரவுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தப்பு செய்தவரே பாடகர்! ஆனாலும் அவர் கொடுத்த பாட்டை இலவசமாக வைத்துக்கொள்ள மேலாளருக்கு உரிமை இல்லை. ஆறாவது இரவு வராததால் மேலாளருக்கு ஏற்பட்ட இழப்பு தனிக் கணக்கு.

இன்னொரு முடிச்சு. மடியில் இருப்பது கேட்பவர் செலவில் வந்ததாகவும் இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டிவிட்டு, அதை விலையில் ஏற்றி வாடிக்கையாளர்களிடம் வசூலித்தும்விட்டது. பிறகு அரசிடம் திருப்பிக் கேட்டால்? 1996-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, மஃபத்லால் என்ற நிறுவனத்தின் வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்பாக, சுமையை அடுத்தவர்மேல் இறக்கிவிட்டவர் அதைக் கேட்க முடியாது என்றது. இழக்காதவனுக்குத் திருப்பிக் கொடுத்தால் அவன் மடிதான் கனக்கும்.

நீதிமன்ற வாசலில் இதே சொல் வேறு சட்டை போட்டுக்கொள்ளும். கீழ்க் கோர்ட் தீர்ப்பை வைத்து ஒருவர் நிலத்தைச் சுவாதீனம் எடுத்துவிட்டார். மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 144-ஆம் பிரிவின்படி, நிலத்தோடு இடைக்கால வருமானம், வட்டி, செலவு எல்லாம் திரும்பும். இதற்குத் தனி வழக்கு போடக் கூடாது, மனு போதும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை என்று வீட்டில் சொல்கிறோமே, அதுவேதான். லத்தீன் வேரும் ‘மறுபடி நிறுத்துவது’தான்.

சில சமயம் திருப்பித் தரச் சொல்வது ஒரு ஆளையே. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 9. காரணமில்லாமல் பிரிந்து போன துணையைச் சேர்ந்து வாழ உத்தரவிடும் ஆணைக்கும் பெயர் ரெஸ்டிட்யூஷன். கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். கீழ்ப்படியாவிட்டால் சொத்தை ஜப்தி செய்யலாம், ஆளைக் கட்டி இழுத்து வர முடியாது. ஆணைக்குப் பிறகு 1 ஆண்டு சேர்ந்து வாழாவிட்டால் இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம். சேர்த்து வைக்கப் போட்ட மனுவே பிரிவதற்கு ஏணி ஆகிவிடும். இந்த இடத்தில் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவே இல்லை. பொருளுக்குச் செய்த சட்டையை ஆளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

சரி, உன் ஏழு இடங்கள். ‘மீட்பு’ என்று போட்டுவிடாதே, அடகு நகை ஞாபகம் வரும். முதல் ஐந்திலும் ‘பெற்றதைத் திருப்பித் தருதல்’ என்று நீட்டியே எழுது. நீளம் பற்றி யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. ஆறாவதில் பொருள் செலவாகிவிட்ட நிலை வருகிறது, அங்கே ‘அல்லது அதன் மதிப்பைத் தருதல்’ சேர். ஏழாவதில் ஆங்கில மூலத்திலேயே ‘அடைந்த இழப்பின் அளவுக்கு’ என்று ஒட்டியிருக்கிறது. அதை எழுதியவருக்கும் உன் வியாதிதான். அங்கே மட்டும் உன் நஷ்டஈடு இருக்கட்டும், ஆனால் கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

திருத்திய பக்கங்களை வியாழனுக்குள் அனுப்பு. என்னிடம் வாங்கிப் போன அகராதியையும் கூடவே. அது எந்தப் பிரிவில் வரும் என்று உனக்கே தெரியும்.

உன்,
ஸ்கேல் அடி வாங்கிய இன்னொருவன்